அவையின் மௌனம்

நுழையும்முன்

கல்விக்கூடத்தில் ஒருவர் துன்புறுத்தப்படும்போது, துன்புறுத்துபவர், துன்புறுபவர் என்னும் இருவரையே உலகம் காண்கிறது. சுற்றி நின்று பார்த்திருக்கும் பலர் கணக்கில் வருவதில்லை. அந்தப் பலரின் மௌனத்தையும் பொறுப்பையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

குடத்தில் கைவிட்ட சிறுவன்

உத்திரமேரூர் என்னும் பெயரை அறியாத தமிழக மாணவர் அரியர். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டன. இளையோரும் முதியோரும் கூடிய அவையில், ஓலைகள் இடப்பட்ட குடத்தை முதியவர் ஒருவர் எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்று, பெயரை உரக்கப் படித்தார்.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கவில்லை என்பதை அவை காண வேண்டும். சிறுவனை ஏன் அழைக்க வேண்டும்? வேண்டியவர், வேண்டாதவர் என்னும் கணக்கு அவன் கைக்குத் தெரியாது. வாரியத்தில் ஓராண்டு பணியாற்றியவர் அடுத்த மூன்றாண்டுகள் விலகியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்கு உரியரல்லர். தீயோர் நலியவும் ஏனையோர் செழிக்கவும் இவ்விதிகள் வகுக்கப்பட்டதாகக் கல்வெட்டே காரணம் கூறுகிறது.

அந்த அவை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. எனினும், வலிமை உடையவரை அவை கண்காணிக்க வேண்டும், கண்காணிப்பு எல்லார் கண்முன்னும் நிகழ வேண்டும் என்னும் எண்ணம் அந்தச் சுவரில் பதிந்திருக்கிறது. அதை அனைவருக்கும் உரியதாக விரித்துக்கொள்ளும் உரிமை இன்றைய தலைமுறைக்கு உண்டு. அவ்வெண்ணம் இன்று மிகவும் தேவைப்படும் இடங்களுள் ஒன்று வகுப்பறை. வகுப்பறையும் ஒரு சிற்றூரே. அங்கும் வலியோர் உளர், எளியோர் உளர், பார்த்திருப்போர் உளர்.

கேலி எங்கே முடிகிறது?

கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி எனத் தமிழில் இதற்குச் சொற்கள் பல. இவற்றுள் பெரும்பாலானவை சிரிப்போடு தொடர்புடையவை. நண்பர்களிடையே சிரிப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால், அதே சொற்களின் நிழலில் கொடுமையும் ஒதுங்கிக்கொள்கிறது. “சும்மா விளையாட்டுக்குத்தான்” என்னும் ஒரு தொடர் எத்தனையோ குற்றங்களுக்குத் திரையாகியிருக்கிறது.

விளையாட்டையும் வதையையும் பிரித்தறிய நார்வே நாட்டு உளவியலறிஞர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைக் கூறினார். புண்படுத்தும் நோக்கம் இருத்தல் முதலாவது. ஒருமுறையோடு நில்லாது மீண்டும் மீண்டும் நிகழ்தல் இரண்டாவது. துன்புறுபவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவாறு இருவருக்குமிடையே வலிமை வேறுபாடு இருத்தல் மூன்றாவது. உடல்வலிமை, வயது, எண்ணிக்கை, செல்வம், சாதி, நிறம், மொழி ஆகிய எதுவும் அந்த வேறுபாட்டை உண்டாக்கலாம். இருவரும் சிரித்தால் அது விளையாட்டு. ஒருவர் மட்டும் சிரித்து, மற்றவர் நாளைக்கும் இதுவே நிகழுமென அஞ்சினால் அது வதை.

உத்திரமேரூர் போன்ற கிராமப்புற வட்டங்களில் பதினொன்றாம் வகுப்பு இதற்கு மிகவும் உரிய பருவம். சிற்றூர்களின் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்தவர்கள், மேல்நிலைப் பள்ளியைத் தேடிப் பேருந்திலும் மிதிவண்டியிலும் வேற்றூர் செல்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஐந்தாண்டுகள் ஒன்றாகப் படித்த கூட்டம் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு எங்கே அமர்வதென்று தெரியாது. அவருடைய ஊர்ப்பெயர், பேச்சு வழக்கு, தந்தையின் தொழில் ஆகியவை முதல் வாரத்திலேயே பட்டப்பெயராக மாறிவிடலாம். ஆசிரியரின் பார்வை பள்ளிவாயில் வரையே எட்டும். பேருந்து நிறுத்தத்திலும் பேருந்தின் கடைசி இருக்கையிலும் நிகழ்வனவற்றைச் சக மாணவர் மட்டுமே அறிவர். இரவில் கைப்பேசிக் குழுவில் பரவும் ஒரு படம் வீட்டுக்குள்ளும் துரத்தி வருகிறது. ஒருமுறை பதிவிட்டாலும் அதைப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் பகிரும்போது வதை மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

ஆறாத வடு

மாணவரிடையே நிகழும் வதை, ஓர் ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரிய சிக்கலன்று. உலகில் மாணவர் மூவருள் ஏறத்தாழ ஒருவர், முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையேனும் சக மாணவரால் துன்புறுத்தப்பட்டதாகக் கூறியதை யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது.

அடிபட்ட காயம் ஆறிவிடும். உள்ளத்தின் காயம் அத்தனை எளிதில் ஆறுவதில்லை. பிரிட்டனில் 1958-இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து வரும் ஆய்வொன்று உண்டு. அவர்களுள் 7, 11 வயதுகளில் சக சிறாரால் துன்புற்றோர், 50 வயதிலும் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் மற்றவரைவிட மிகுதியாக ஆளாகியிருந்ததை 2014-இல் வெளிவந்த கட்டுரை எடுத்துரைத்தது. பள்ளியில் கழிந்த சில ஆண்டுகள் அரை நூற்றாண்டுக்கு நிழல் வீசுகின்றன.

துன்புறுத்துபவரும் இதில் தப்புவதில்லை. அச்சத்தால் பிறரை அடக்கலாம் என்று பதினாறு வயதில் கற்றவர், அதையே பின்னர்த் தம் இல்லத்திலும் பணியிடத்திலும் செய்ய முனைவார். அவருள்ளும் பலர் வீட்டில் அடிபட்டவர்கள். அல்லது அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இது அவர்தம் செயலுக்கு நியாயம் ஆகாது. ஆயினும், தண்டனை ஒன்றே அவரைத் திருத்திவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

நாங்குநேரி சொல்லும் பாடம்

வகுப்பறைச் சீண்டல் எதுவரை போகும் என்பதைத் தமிழகம் 2023-இல் கண்டது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சக மாணவர் சிலரால் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டார். அதைத் தாங்கவியலாமல் அவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினார். விசாரித்தபோது நடந்ததைக் கூறினார். அதன்பின், ஆகஸ்ட் 9-ஆம் நாள் இரவில் அவருடைய வீட்டுக்குள் புகுந்தவர்கள் அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்களும் மாணவர்களே என்பதுதான் நாட்டை உலுக்கியது.

இந்நிகழ்வை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. பள்ளி, கல்லூரி மாணவரிடையே சாதி அடிப்படையிலான வன்முறையைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த அக்குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கட்டுவதைத் தடைசெய்தல், மாணவர் நலனைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலரை நியமித்தல் முதலியவை அதன் பரிந்துரைகளுள் சில.

வெட்டுண்ட மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, அதே கல்வியாண்டின் பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவருடைய மனத்திண்மை போற்றத்தக்கது. ஆனால், அப்போற்றுதலோடு நின்றுவிடுவது பிழை. பாதிக்கப்பட்டவரின் துணிவைப் பாராட்டும் சமூகம், அவருக்கு அத்தகைய துணிவு தேவைப்படும் நிலை ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். அரிவாள் ஓர் இரவில் வந்தது. இழிவுச் சொற்களோ அதற்குப் பல நாள் முன்பே வந்துவிட்டன. வகுப்பறையில் சொல்லப்பட்ட அச்சொற்களைக் கேட்டவர் எத்தனை பேர்? அப்போது ஒருவரேனும் “நிறுத்து” என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? இவ்வினாக்கள் நாங்குநேரிக்கு மட்டும் உரியனவல்ல. சாதித் தெருக்கள் பிரிந்து கிடக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும், அத்தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே பலகையில் அமரும் பள்ளிகள் எல்லாவற்றிலும் கேட்கப்பட வேண்டியவை.

சட்டம் எட்டும் தூரம்

தமிழகத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு பகடிவதையின்போது கொல்லப்பட்டார். அத்துயரத்தின் விளைவாக 1997-இல் பகடிவதைத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. பகடிவதை செய்வோருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது வழிசெய்தது. ஆசிரியர் கை ஓங்குவதற்கும் தடை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

சட்டங்கள் தேவையானவை. எனினும், பெரும்பாலும் துயரம் நிகழ்ந்த பின்னரே சட்டத்தின் கதவு திறக்கிறது. ஒரு மாணவியின் உணவுப் பாத்திரத்தைப் பார்த்து முகம் சுளிப்பதற்கும், ஒருவர் வந்து அமர்ந்தவுடன் பலகையைவிட்டு எழுந்து போவதற்கும், கபடிக் குழுவில் ஒருவரை மட்டும் சேர்க்காமல் விடுவதற்கும் காவல்நிலையத்தில் புகார் எழுத இயலாது. வதை இத்தகைய சிறு செயல்களில்தான் வேர்விடுகிறது. வேர்விடும் இடத்தில் இருப்பவர்கள் சக மாணவர் மட்டுமே.

பார்த்திருப்போர்

கனடா நாட்டு ஆய்வாளர்கள் பள்ளி விளையாட்டிடங்களில் ஒளிப்படக் கருவி வைத்து மாணவரின் நடத்தையைப் பதிவுசெய்தனர். 2001-இல் வெளியான அவ்வாய்வின்படி, வதை நிகழ்ந்த பத்துத் தருணங்களில் ஏறத்தாழ ஒன்பதில் சக மாணவர் அருகிலிருந்தனர். ஆனால், அவர்கள் தலையிட்டவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தலையிட்டபோதோ, பாதிக்கும் மேற்பட்ட தருணங்களில் பத்தே நொடிகளில் வதை நின்றது.

இதன் காரணம் வியப்புக்குரியதன்று. துன்புறுத்துபவர் தனிமையில் அதைச் செய்வது குறைவு. அவருக்கு வேண்டியது கூட்டத்தின் சிரிப்பும் அச்சமும். அவை சிரித்தால் அவர் தலைவராகிறார். அவை முகம் திருப்பினால் அவருடைய செயல் பொருளற்றுப் போகிறது. மௌனம் நடுநிலை போலத் தோன்றும். துன்புறுபவரின் கண்களுக்கோ அது ஒப்புதலாகவே தெரியும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகம் ‘கிவா’ என்னும் திட்டத்தை உருவாக்கியது. துன்புறுத்துபவரையும் துன்புறுபவரையும் மட்டும் கருதாது, பார்த்திருக்கும் மாணவரைப் பயிற்றுவிப்பதே அதன் மையம். நார்வேயிலும் இத்தகைய மாற்றம் முன்பே தொடங்கியது. 1982-இல் சிறுவர் மூவர் உயிரிழந்ததைக் கண்டு அதிர்ந்த அந்நாடு, 1983-இல் பள்ளிகள்தோறும் வதை எதிர்ப்பு இயக்கத்தை நடத்தியது. பெர்கன் நகரப் பள்ளிகளில் ஓல்வியஸ் மேற்கொண்ட ஆய்வு, ஈராண்டுகளில் வதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. எல்லார்க்கும் தெரிந்த விதிகள், அவற்றை வகுப்பே கூடிப் பேசுதல், இடைவேளைகளில் பெரியோர் கண்காணிப்பு ஆகியவையே அங்கே கையாளப்பட்ட வழிகள். மரபு வேறாயினும் உத்திரமேரூர்ச் சுவர் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. விதி எழுதப்பட வேண்டும். அவை அதை அறிய வேண்டும். அவை கூடிக் காக்க வேண்டும்.

இரு மறுப்புகள்

“எங்கள் காலத்தில் இல்லாத கேலியா? அதுதான் பிள்ளைகளைத் திடப்படுத்தும்” என்று பெரியோர் சிலர் கூறுவர். வாழ்வின் இடர்கள் மனிதரைத் திடப்படுத்துவது உண்டு. தேர்வில் தோற்று மீண்டும் எழுதுவதும், ஓட்டத்தில் விழுந்து எழுவதும் அத்தகையவை. அவற்றில் முயன்றால் வெல்ல வழியுண்டு. வதைக்கு ஆளானவருக்கோ எந்த முயற்சியும் பயன்தருவதில்லை. தன் நிறத்தையும் பிறப்பையும் எவரால் மாற்றிக்கொள்ள முடியும்? வதையால் அவர் கற்றுக்கொள்வது உறுதியை அன்று; ஒதுங்கி வாழ்வதையே. திடமாகிவிட்டவராக இன்று பேசும் பெரியோரும், தம்மோடு படித்துப் பாதியில் நின்றுபோனவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு மாணவரிடமிருந்தே வருகிறது. ஆசிரியரிடம் சொல்பவர் ‘போட்டுக்கொடுப்பவர்’ எனப் பழிக்கப்படுகிறார். இப்பழிக்கு அஞ்சியே பலர் வாய்மூடி இருக்கின்றனர். நாங்குநேரி நிகழ்வைக் கண்டபின் இவ்வச்சம் அடிப்படையற்றது என்று எவரும் கூறவியலாது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். ஒருவரைத் தண்டனையில் மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவரைத் துன்பத்திலிருந்து மீட்கச் சொல்வது காவல். திருக்குறளில் ‘புறங்கூறாமை’ என ஓர் அதிகாரம் இருப்பதுபோல ‘இன்னா செய்யாமை’ எனவும் ஓர் அதிகாரம் உண்டு. முன்னதைக் காரணம் காட்டிப் பின்னதைக் கைவிடுதல் அறமாகாது.

சொல்பவர் தனியராக இருக்கும்வரை அவருக்கு இடர் உண்டு. ஐவர் சேர்ந்து சொன்னால் பழி பங்காகிறது. பத்துப்பேர் சொன்னால் பழியே இல்லாமற்போகிறது. கேட்கும் பெரியோர்க்கும் இதில் கடமை உண்டு. சொல்லியவரின் பெயரைக் காத்தலும், சொன்ன நாள்முதல் அவரைத் தனியே விடாதிருத்தலும் அக்கடமையின் முதற்பகுதிகள்.

தெரிந்து தெளிவோம்

இடருக்குள்ளான சிறார் நாளின் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கக்கூடிய உதவி எண் 1098. தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் வழிகாட்டி உதவி எண் 14417. தனக்காக மட்டுமின்றி, துன்புறும் தோழருக்காகவும் இவ்வெண்களை அழைக்கலாம்.

பெட்டியும் குடமும்

தமிழக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்னும் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. தமக்கு நேரும் துன்பங்களை மாணவர் எழுதி அதில் இடலாம். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் இடம்பெறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் பள்ளிகளில் உண்டு. ஏற்பாடு நன்று. குடவோலைக் குடத்தின் தொலைவான உறவு எனவும் அப்பெட்டியைக் கருதலாம்.

ஆயினும், குடம் நீதி வழங்கியது அதில் ஓலை இருந்ததனால் மட்டுமன்று. உரிய நாளில் அது திறக்கப்பட்டது. எல்லார் முன்னிலையிலும் படிக்கப்பட்டது. படித்தபடி செயல் நிகழ்ந்தது. மூலையில் தூசு படிந்து தொங்கும் பெட்டி யாருக்கும் துணையாகாது. எந்த நாளில் அது திறக்கப்படும், யார் திறப்பர், சொல்லியவர் பெயர் எவ்வாறு காக்கப்படும், எத்தனை நாளில் தீர்வு கிடைக்கும் என்பவை ஒவ்வொரு பள்ளியின் சுவரிலும் எழுதப்பட வேண்டும். எழுதுமுன் மாணவரைக் கலந்தே அவ்விதிகள் வகுக்கப்பட வேண்டும். தாமே வகுத்த விதியைக் காப்பதில் எவருக்கும் ஆர்வம் மிகும். விதிகள் ஆசிரியரையும் கட்டுப்படுத்த வேண்டும். மாணவரின் பெயருக்குப் பதில் பட்டப்பெயரை அழைக்கும் ஆசிரியர், அதே பெயரை வகுப்பு முழுவதற்கும் வழங்கிவிடுகிறார்.

துன்புறுத்தியவரை என்ன செய்வது? அவரைப் பள்ளியிலிருந்து நீக்குவது எளிது. நீக்கப்பட்டவர் தெருவில் அதையே தொடர்வார். தாம் செய்தது என்ன, அதனால் மற்றவர் அடைந்தது என்ன என்பதை அவர் கேட்டாக வேண்டும்; அதைச் சரிசெய்யும் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். தேவையெனில் மனநல ஆலோசனையும் கிடைக்க வேண்டும். அதே வேளையில், அவர் திருந்தும்வரை பாதிக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தகாது. பாதுகாப்பு முதலில், திருத்தம் அதனோடு.

எஞ்சியவை மாணவர் கையில் உள்ளன. அவற்றுள் பெருஞ்செயல் என எதுவும் இல்லை. பிறர் சிரிக்கும்போது சிரிக்காதிருத்தல், தனித்து அமர்ந்தவரின் அருகே சென்று அமர்தல், இழிவான படத்தைப் பகிராது அழித்தல், “நிறுத்து” என்னும் ஒரு சொல்லை உரக்கச் சொல்லுதல், அதற்குத் துணிவில்லையெனில் நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் சென்று சொல்லுதல் ஆகியவையே அவை. புதிய பள்ளியின் முதல் வாரத்தில் வேற்றூரிலிருந்து வந்த ஒருவரிடம் “இங்கே இடம் இருக்கிறது, வா” என்று சொல்ல அரை நொடி போதும். சொல்லப்பட்டவருக்கு அந்த இரண்டாண்டுக் கல்வியும் அச்சொல்லைப் பற்றி நிற்கலாம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சிறுவன் ஒருவனின் கை நடுநிலை தவறாது என்று ஓர் ஊர் நம்பியது. இன்றைய மாணவர் அச்சிறுவனைவிடப் பெரியவர்கள். குடத்துள் இருப்பது என்ன என்பதை அவர்கள் அறிவார்கள். வகுப்பறையில் நடப்பது என்ன என்பதையும் அறிவார்கள். அறிந்தும் வாளாவிருத்தல் அறியாமையைவிடக் கொடிது. அவை பேசத் தொடங்கும் நாளில், வதைப்பவரின் வலிமை அவரைவிட்டு நீங்கும்.